ஓவியாவுக்கு மட்டும் சூடு

பாஞ்சாலைக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் ஆகாது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டு, நிற்கிறதா வழிகிறதா என்று பார்ப்பாள். கற்பூரப் பெட்டி வந்து இறங்கினால் ஒரு கட்டியை அங்கேயே கொளுத்தி, அடியில் கரி தங்குகிறதா என்று குனிந்து பார்ப்பாள். எலுமிச்சம்பழத்தைக் கூடையோடு கொட்டி ஒவ்வொன்றாக அமுக்குவாள். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக் கோயிலைத் தாண்டினதும் இருக்கிற தகரக் கொட்டாய்க் கடை அவளுடையது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மோர், சுண்டல், வேக வைத்த வேர்க்கடலை. மற்ற நாளில் கற்பூரம், அகல், தண்ணீர் பாட்டில். அந்தக் கடையில் அவளை ஏமாற்றின ஆள் இன்னும் பிறக்கவில்லை என்பது அந்த ரோட்டுக்கே தெரிந்த சங்கதி.

புருஷன் பெயர் சக்கரவர்த்தி. பெயர்தான் அப்படி. கொல்லை நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு, பிடுங்கி, காய வைத்து, மூட்டை கட்டுவதோடு அவர் ராஜ்ஜியம் முடிந்தது. வீட்டில் ஆட்சி, நிதி, உளவு எல்லாம் பாஞ்சாலைதான்.

ஒரே மகள் ஓவியா. கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை அருண்பிரசாத் சொந்தமாகக் கார் ஓட்டுகிறவன். கார் என்றால், கல்யாணத்தின்போது கொல்லையில் பாதியை விற்று பாஞ்சாலை வாங்கிக் கொடுத்தது. கைமாறி வந்த வண்டிதான். ஆனாலும் ஏழு பேர் உட்காரலாம். இத்தனை டிகிரி என்று நம்பரை வைத்துவிட்டால் தானாகவே குளிரைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிற ஏசி. வேலூர் ஆஸ்பத்திரிக்கும் சென்னை ஏர்போர்ட்டுக்கும் சவாரி போய்க்கொண்டிருந்தான். பையன் அதிர்ந்து பேசமாட்டான், குடி கிடையாது. கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஊரில் எல்லாரும் தங்கமான மாப்பிள்ளை என்றார்கள். பாஞ்சாலை மட்டும் தங்கத்தை உரசிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று இருந்தாள்.

ஓவியாவுக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர் மலை வெறும் பாறை. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு சாயங்காலம் ஊர்மேல் கக்கும். அப்படி ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ஓவியாவைக் காட்டிவிட்டு மூன்று பேரும் காரில் வந்துகொண்டிருந்தார்கள். ஓவியா முன் சீட்டில், பாஞ்சாலை பின்னால். கொஞ்ச தூரம்கூடப் போயிருக்காது, முன்னால் இருந்த காற்று வாய்களிலிருந்து வந்தது காற்றில்லை, அனல். அடுப்புக்கு முன்னால் நிற்கிறவளுக்கு அனல் எது, காற்று எது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஓவியாவின் மேலுதட்டில் முத்து முத்தாக வேர்த்தது.

“ஏசி போடலியா மாப்ள?” என்றாள் பாஞ்சாலை.

“போட்டுத்தான் இருக்குதுங்க அத்தை.”

சொல்லிவிட்டு அவன் விரல் ஒரு பொத்தானைத் தொட்டது. வந்த அனலும் நின்றது. கண்ணாடியை இறக்கிவிட்டான். ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் ஓவியா வெளியே தலையை நீட்டி, தின்ற இட்லி மொத்தத்தையும் வாந்தி எடுத்தாள். அவன் இறங்கி ஓடி வந்து தண்ணீர் கொடுத்தான், முதுகைத் தடவினான். பாஞ்சாலை அதையெல்லாம் பார்க்கவில்லை. அந்த விரலைத்தான் பார்த்திருந்தாள். போட்டிருக்கிறது என்று வாய் சொல்கிறது, கை அணைக்கிறது.

வீடு வந்ததும், புள்ளைக்கு உடம்பு துவண்டு போச்சு, ரெண்டு நாள் இங்கே இருந்துவிட்டு வரட்டும் என்றாள். அவனும் சரிங்க என்று போய்விட்டான். ரெண்டு நாள் போய், ஒரு வாரம் போய், அதற்கு மேலும் போனது. அவன் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனான். ஒவ்வொரு தடவையும் பாஞ்சாலைக்கு ஒரு சாக்கு இருந்தது.

சாக்கு தேடத் தேட சந்தேகத்துக்குத் தீனியும் கிடைத்தது. அடுத்த டீக்கடை பரசுராமன் தன் மச்சானை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனது அருண்பிரசாத் காரில்தான். திரும்பி வந்து, டீ ஆற்றிக்கொண்டே அவன் பாட்டுக்குப் புகழ்ந்தான்.

“உன் மருமவன் வண்டியில இன்னா குளுரு தெரியுமா. துண்ட போத்திக்கினு போனேன், போ.”

“என்னைக்குப் போன?”

“நேத்துதான்.”

பாஞ்சாலை கணக்குப் போட்டாள். நேற்று ஊரான் மச்சானுக்குக் குளிர் அடிக்கிறது. பெற்ற பெண்ணுக்கு, அதுவும் வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு, அனல் அடிக்கிறது. சவாரிக்காரன் காசு கொடுக்கிறான், பெண்டாட்டி கொடுக்கவில்லை. டீசல் மிச்சம் பிடிக்கிறானா? அதோடு போனால் பரவாயில்லை. இன்னொன்றும் இருந்தது.

ஓவியா இங்கே தங்குவதற்கு முன்னால், வெள்ளிக்கிழமைதோறும் அருண்பிரசாத் அவளைக் காரில் கொண்டுவந்து விடுவான். கார் வாசலில் நின்றதும் பாஞ்சாலை சந்தனக் கிண்ணத்தோடு போவாள். வீட்டில் பிரிட்ஜுக்கு, கிரைண்டருக்கு, கேஸ் அடுப்புக்கு, கடையில் தராசுக்கு எல்லாம் வெள்ளிக்கிழமை பொட்டு உண்டு. கொல்லையைத் தின்ற காருக்கு இல்லாமலா? ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், கீழே, ரூபாய்க் காசு அளவில் சின்னச் சின்ன ஓட்டையோடு வட்டமாக ஒரு சல்லடை மாதிரி இருக்கும். பொட்டு வைப்பதற்கென்றே செய்து வைத்த இடம்போல. பன்னீர் விட்டு அரைத்த சந்தனத்தை அதன்மேல் அழகாக அப்பி, நடுவில் குங்குமம் வைப்பாள். அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால் பொட்டு இருக்காது. உதிர்ந்தால் தடம் இருக்கும். இது துடைத்தது. சுத்தமாக, ஈரத் துணியால் துடைத்தது.

துடைத்தது யார்? தான் வைத்த பொட்டு யாருக்கு ஆகவில்லை? முன் சீட்டில் யார் உட்காருகிறார்கள்? கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. அடுத்த தடவை சந்தனத்தை இன்னும் கெட்டியாக அப்பினாள். அடுத்த வெள்ளி அதையும் காணோம். அதற்கடுத்த தடவை இன்னும் கொஞ்சம். இப்படியே ஓர் ஆறேழு மாதம் அவளுக்கும் முகம் தெரியாத ஒருத்திக்கும் அந்தச் சல்லடைமேல் சண்டை நடந்தது.

இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். பாஞ்சாலைக்கு ஓர் அக்கா உண்டு, தனம். போளூர்ப் பக்கம் கொடுத்தார்கள். நல்ல இடம், நல்ல மாப்பிள்ளை, சத்தமில்லாத வீடு. தீபாவளிக்கு வருவாள், சிரிப்பாள், போவாள். என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு நாள் துணி மூட்டையோடு வந்து நின்றாள். முழங்கைக்கு மேலே ரவிக்கை மறைத்த இடமெல்லாம் சூட்டுத் தழும்பு. இன்றைக்கும் அவள் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவதில்லை. அன்றிலிருந்து பாஞ்சாலைக்கு சத்தமில்லாத வீடு என்றாலே ஆகாது. ஓவியாவும் ஒன்றும் சொல்லாத பெண். மாப்பிள்ளையும் ஒன்றும் சொல்லாத ஆள். அந்த அமைதிதான் அவளைத் தின்றது.

ஏழாம் மாதம் பிறந்தது. ஓவியாவின் மாமியார் சரோஜா போன் போட்டு, வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு, பெண்ணை முன்னாடியே அனுப்பி வையுங்கள் என்றாள். மறுநாள் அருண்பிரசாத் அழைத்துப்போக வந்தான். பாஞ்சாலை அண்டாவிலிருந்து கடலையை முறத்தில் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். ஆவியில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

“அனுப்பறதா இல்ல மாப்ள” என்றாள்.

அவன் புரியாமல் மாமனாரைப் பார்த்தான். சக்கரவர்த்தி கடலையைப் பார்த்தார்.

“எம்பொண்ணு உக்காந்தா வண்டியில சூடு வருது. ஊர்ல இருக்கறவன் உக்காந்தா குளுரு வருது. அது எப்டினு எனக்குத் தெரியணும்ங்க. தெரியாம அனுப்ப மாட்டேன்.”

“கொஞ்ச நாளாவே அப்டித்தாங்க அத்தை பண்ணுது. எதனாலனு தெரியல.”

“தெரியலியா? நீங்க அணைச்சத நான் பாத்தேன்.”

அவனுக்கு முகம் கறுத்துப்போனது. சூடு வந்ததும் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து அணைத்ததாகச் சொன்னான். பாஞ்சாலை கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. பரசுராமன் சொல்லியிருந்தான், இப்போதெல்லாம் காருக்கு ஒரு மிஷின் வந்திருக்கிறது, ஸ்கேனர் என்று, செருகினால் வண்டியில் நடந்தது பூராவும் சொல்லிவிடும் என்று. அந்த மிஷின் வைத்துப் பார்க்க வேண்டும், தன் கண் முன்னால் பார்க்க வேண்டும், மெக்கானிக் தான் சொல்கிற ஆளாக இருக்க வேண்டும் என்றாள். மிஷின் அவன்மேல் தப்பில்லை என்றால் அங்கிருந்தே பெண்ணை அனுப்புவாள். இல்லையென்றால் வளைகாப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பிரசவம் வரைக்கும் இங்கேதான், பிறகு என்ன என்பதைப் பிறகு பேசலாம்.

உள்ளே ஓவியா நின்றபடி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, “எனக்காகனா வேணாம்மா” என்றாள். பாஞ்சாலை, நீ சும்மா இரு என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டாள்.

செஞ்சி ரோட்டில் கார் ஏசி மட்டும் பார்க்கிற கடை ஒன்று இருந்தது. வைத்திருந்தவன் எழில். என்ஜினியரிங் முடித்து, சென்னையில் பெரிய ஷோரூமில் வேலை பார்த்து, சம்பளம் பிடிக்காமல் ஊருக்கு வந்து கடை போட்டவன். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். நான்கு பேரும் காரில் போய் இறங்கினார்கள். போகிற வழியில் பாஞ்சாலை ஏசியைப் போடவே விடவில்லை. தடயம் கலையக்கூடாதாம். அந்த வேகாத வெயிலில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, கிரிவலப் பாதைப் புழுதி பூராவும் தின்றுகொண்டு போனார்கள். சக்கரவர்த்தி மட்டும் சௌகரியமாகத் தூங்கினார்.

எழில் காரைத் தகரக் கூரைக்குள் விடச் சொன்னான். ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு ஒரு வயரைச் செருகினான். மறு முனையில் பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுக்கு ஒரு திரை. அதில் எழுத்து ஓடி நின்றது.

“கோளாறு நம்பர் ஒண்ணு, கோடும்பாங்க, வருதே. வெயில் சென்சாராம்” என்றான்.

“அப்டினா?” பாஞ்சாலை எட்டிப் பார்த்தாள்.

“வெயில் எவ்ளோ அடிக்குதுனு பாக்கற கண்ணு அது. வெயிலே தெரியலனு சொல்லுது. இருங்க, கூரைக்கு அடியில இருந்தா இது இப்டித்தான் சொல்லும்.”

காரை வெளியே தள்ளினார்கள். வெயில் விழுந்ததும் அந்தக் கோடு போய்விட்டது. பாஞ்சாலை முகத்தைச் சுளித்தாள். நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று சொல்கிறதென்றால் இது என்ன மிஷின்? மாப்பிள்ளையும் மெக்கானிக்கும் ஏற்கெனவே பழக்கமா என்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இவள்தானே அந்தக் கடையைப் பிடித்தாள் என்பது அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

எழில் மறுபடி தேடினான். வேறு கோளாறு எதுவும் இல்லை என்று மிஷின் சொன்னது. பானட்டைத் திறந்து இரண்டு குழாயை மாட்டி கேஸ் பார்த்தான். சரியாக இருந்தது. கம்ப்ரசர் ஓடியது, முன்னால் விசிறி சுற்றியது.

“வண்டியில ஒண்ணும் இல்லம்மா” என்றான்.

“வண்டியில இல்லனா மனுஷன்லதான் இருக்குது” என்றாள் பாஞ்சாலை. “யாரு எப்ப அணைச்சாங்கனு அதுல வராதா?”

எழில் சிரித்தான். அதெல்லாம் வராது என்றான். பிறகு அருண்பிரசாத்தை உட்கார வைத்து, ஏசியை எப்போதும் போடுகிற மாதிரி போடச் சொன்னான். அவன் பொத்தானை அமுக்கி அமுக்கிக் கடைசி வரைக்கும் குறைத்தான். கொஞ்ச நேரத்தில் குளிர் பாய்ந்தது. பாஞ்சாலை கையை நீட்டிப் பார்த்தாள். விரலெல்லாம் சில்லிட்டது. அப்படி ஒரு குளிர்.

“எப்பவும் இதுலதான் வெப்பீங்களா?” என்று எழில் கேட்டான்.

அருண்பிரசாத் கொஞ்சம் தயங்கினான். “சவாரிக்கு இதுலதாங்க. வூட்ல இருக்கறவங்க வந்தா இருபத்தஞ்சு.”

“கேட்டுக்கினியா ஓவியா?” பாஞ்சாலை மகள் பக்கம் திரும்பினாள். “காதாலே கேட்டுக்கினியா? சவாரிக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. நான் சொன்னா பைத்தியக்காரினு பாத்தீங்களே எல்லாரும்.”

ஓவியா வாயைத் திறந்தாள். அதற்குள் எழில், அந்த இருபத்தைந்தில் வையுங்கள் பார்ப்போம் என்றான். வைத்தார்கள். குளிர் மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. அப்புறம் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அடித்த அதே அனல் வந்தது. பாஞ்சாலை மகளின் கையைப் பிடித்து, வா வெளியே என்று இழுத்தாள். சந்தேகப்பட்டது சரியாகிவிட்டால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள் போல. கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

எழில் அவர்களைக் கவனிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு திரையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“இருங்க, இருங்க. இருபத்தஞ்சுல வெச்சா இப்டி நெருப்பு வரக்கூடாதே. வண்டி இன்னா நெனச்சுக்கினு இருக்குதுனு பாப்போம்.”

கோளாறை மட்டும் கேட்காமல், வண்டிக்குள் ஒவ்வொரு சென்சாரும் அந்த நேரத்தில் என்ன சொல்கிறது என்பதையும் அந்த மிஷினில் பார்க்கலாம். வெளியே முப்பத்தொன்பது டிகிரி என்றது. சரி. காருக்கு உள்ளே பத்தொன்பது என்றது. எழில் உள்ளே தலையை விட்டுவிட்டு வேர்த்துப்போய் வெளியே வந்தான். மேசையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து சீட்டில் வைத்தான். முப்பத்தாறு.

“இதான் விஷயம். வண்டிக்கு உள்ள பத்தொம்போதுதான்னு அது நெனச்சுக்கினு கீது. நீங்க இருபத்தஞ்சு கேக்கறீங்க. அடடா, உள்ள இருக்கறவங்க குளுர்ல நடுங்கறாங்கனு அது சூட்ட கலந்து உடுது. கடைசிக்குக் கொறைச்சு வெச்சா யார் பேச்சையும் கேக்காது, குளுரு மட்டும்தான் குடுக்கும். சவாரிக்காரங்களுக்கு அதான் ஒண்ணும் தெரியல.”

“கோளாறு இல்லன்னுச்சே மிஷின்” என்றாள் பாஞ்சாலை.

“சென்சார் செத்துப்போனா சொல்லும்மா. இது உயிரோட இருந்து தப்பா சொல்லிக்கினு இருக்குது. தப்புனு அதுக்கே தெரியாது. நானும் கோட மட்டும் பாத்துட்டு உங்கள அனுப்பப் பாத்தேன்.”

அந்த சென்சார் எங்கே இருக்கிறது என்று அருண்பிரசாத் கேட்டான். எழில் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், கீழே, அந்த வட்டச் சல்லடையைத் தொட்டுக் காட்டினான். இதன் வழியாகத்தான் வண்டி உள்ளே இருக்கிற காற்றை மூச்சு மாதிரி இழுத்து, சூடா குளிரா என்று பார்த்துக்கொள்ளும் என்றான். பாஞ்சாலை குனிந்து அந்தச் சல்லடையையே பார்த்தாள்.

திருப்புளியால் நெம்பிப் பலகையைக் கழற்றினான். ஓட்டைகள் பூராவும் மஞ்சளாக அடைத்துக்கொண்டிருந்தன. பின்னாலிருந்து மிளகு அளவு சாமான் ஒன்றை இழுத்தான். அதன் இரண்டு கம்பிக் கால்களிலும் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது, புளி போட்டுத் தேய்க்காத பித்தளைச் செம்பில் பூக்குமே, அதேதான்.

“தண்ணி எறங்கிக் களிம்பு புடிச்சிருக்குது. அதான் தப்புக் கணக்கு” என்று மஞ்சள் பொடியை விரலில் எடுத்து முகர்ந்தான். “இன்னாங்க இது, சந்தனமா? பன்னீர் வாசன கூட வருதே.”

ரோட்டில் செஞ்சி பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது. சக்கரவர்த்திகூட நன்றாக முழித்துக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தார்.

கடைசியில் பாஞ்சாலைதான் வாயைத் திறந்தாள்.

“வாராவாரம் நான் வெக்கிறேன். யாரு தொடைக்கறாங்க?”

“நாந்தாங்க அத்தை.” அருண்பிரசாத் தலையைக் குனிந்துகொண்டான். “முட்டி பட்டு பேண்ட்ல ஒட்டுது. சவாரிக்கு வெள்ளச் சட்ட பேண்டு போட்டுக்கினு போவணும். நீங்க ஆசையா வெக்கிறீங்க, வேணாம்னு எப்டி சொல்றதுனு ஈரத் துணியால தொடச்சிடுவேன். அதுதான் உள்ள தள்ளிடுச்சு போல. தப்பு என்னுதுதான்.”

முகம் தெரியாத அந்த ஒருத்தி, ஆறேழு மாதமாகப் பாஞ்சாலை தூங்காமல் மனசுக்குள் வைத்து வளர்த்த அந்த ஒருத்தி, வெள்ளை பேண்டோடு தலை குனிந்து நின்றாள்.

எழில் ஏதோ மருந்தை அடித்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் களிம்பைத் தேய்த்தான். ஓட்டைகளை ஊசியால் குத்திக் காற்றடித்தான். மாட்டியதும் திரையில் பத்தொன்பது ஏறி ஏறி முப்பத்தைந்துக்கு வந்தது. இருபத்தைந்தில் வைத்தார்கள். குளிரும் இல்லாமல் சூடும் இல்லாமல், மார்கழி விடிந்த பிறகு வருகிற மாதிரி ஒரு காற்று வந்தது. ஓவியா முன் சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு அதில் முகத்தைக் காட்டினாள்.

பிறகு கண்ணைத் திறந்தாள். “இருபத்தஞ்சு யாரு வெக்கச் சொன்னது தெரியுமாம்மா?” என்றாள்.

பாஞ்சாலை மருமகனைப் பார்த்தாள்.

“நாந்தான். மூணாம் மாசம் எனக்குச் சளி புடிச்சு இருமுனேனே. மாத்தர சாப்படக் கூடாதுன்னாங்க. அதிலிருந்து இவரு நான் ஏறுனா இருபத்தஞ்சுக்கு மேலதான் வெப்பாரு. ஒரு வார்த்த என்னக் கேட்டியா நீ?”

“கேட்டா மட்டும் சொல்லிடுவியா? எங்கக்காவும்தான் ஒண்ணும் சொல்லல.”

“பெரிம்மாவ யாரும் கேக்கல. என்னயும் நீ கேக்கல. ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

சொல்லிவிட்டுக் கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துணிமணியெல்லாம் அடி அண்ணாமலையில் இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அருண்பிரசாத், உங்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம் அத்தை, ஏறுங்கள் என்றான். ஓவியா அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பாஞ்சாலை பார்த்துவிட்டாள். வேண்டாம், கடைக்குச் சாமான் வாங்க வேண்டியிருக்கிறது, பஸ்ஸில் வந்துகொள்கிறோம் என்றாள். ஒரு சாமானும் வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வெயிலில் நடந்தார்கள். சக்கரவர்த்தி ஒரு இடத்தில், குடையை எடுத்து வந்திருக்கலாம் என்றார். அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓவியா போன் செய்யவில்லை. பாஞ்சாலையும் செய்யவில்லை. செய்தால் என்ன பேசுவது? கடையில் கற்பூரம் கொளுத்திப் பார்க்காமல் வாங்கிப் போட்டாள். பால்காரர், என்னம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஒரு ராத்திரி எழுந்து உட்கார்ந்து, பெற்ற பெண்ணை நானே சூட்டில் போட்டுப் பொரித்திருக்கிறேனே என்று அழுதாள்.

வளைகாப்பன்று கீழ்பென்னாத்தூர் போய் இறங்கினபோது கார் வேப்பமரத்தடியில் நின்றது. நிற்காமல் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தாள். கால் நின்றுவிட்டது. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். அந்த வட்டச் சல்லடை சுத்தமாக இருந்தது. ஸ்டியரிங்கின் நடுவில் புதுச் சந்தனம், குங்குமம். யார் வைத்திருப்பார்கள் என்று கேள்வி பழக்கத்தில் வந்தது. வந்த கேள்வியை அப்படியே விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கூடம் நிறையப் பெண்கள். மணையில் ஓவியா பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள். தட்டுத் தட்டாக எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளி சாதம். சரோஜா சந்தனக் கிண்ணத்தை நீட்டி, சம்பந்தியம்மா, முதலில் நீங்கள்தான் என்றாள். பாஞ்சாலை, மற்றவங்க வைக்கட்டும் என்று பின்னால் நகர்ந்தாள். ஒவ்வொருத்தியாக வந்து கன்னத்தில் சந்தனம் தடவி, நெற்றியில் குங்குமம் வைத்து, வளையல் போட்டார்கள். ஓவியா எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். அம்மா பக்கம் மட்டும் கண் வரவில்லை. கடைசியில் யாரும் மிச்சமில்லை. கிண்ணம் பாஞ்சாலை கைக்கு வந்துவிட்டது.

மணைக்கு முன்னால் குந்தினாள். பன்னீர் வாசனை முகத்தில் அடித்தது. ஒரு விரல் நுனியில் துளியூண்டு சந்தனம் தொட்டு, பட்டும் படாமலும் மகளின் கன்னத்தில் வைத்துவிட்டு எழப் போனாள்.

ஓவியா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் எல்லாம் குலுங்கின.

“காருக்குனா அவ்ளோ அப்புவ” என்றாள். “எனக்கு மட்டும் இவ்ளோண்டுதானாம்மா?”

பாஞ்சாலை கிண்ணத்தில் கையையே விட்டாள்.